ரயில் ஏறிய ஆயின்மென்ட்

போன வாரம் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க, எங்கள் தங்கச்சுரங்க ஊரில் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். மருந்துக்கடையில் எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் லேப்டாப் பை. "அண்ணா, ஸ்கின்னுக்கு ஸ்ட்ராங்கா ஒரு ஆயின்மென்ட் குடுங்க" என்றாள். கடைக்காரர் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, எந்த இடத்தில் என்றும் கேட்கவில்லை. "பெருசா, சின்னதா?" என்று மட்டும் கேட்டார். எதிரே இருக்கும் இட்லிக் கடையில்கூட என்ன சட்னி வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள்.

ஓய்வு பெற்றது என் முழங்கால்தான், வாய் இன்னும் சர்வீஸில் இருக்கிறது. "எதுக்கும்மா அது?" என்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஜெனரலா, ஆன்ட்டி" என்றாள்.

என் உத்தியோக காலம் முழுக்க நான் மல்லுக்கட்டியது இந்த 'ஜெனரலா'வோடுதான். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கும் நர்ஸ் பிள்ளைகளும், "ஆண்டு மலர்ல போடணும், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க சிஸ்டர்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே என் போட்டோவும் வேண்டுமாம். போட்டோ தர மாட்டேன். அனுபவம் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன், அதை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

என் பெயர் திரேசா. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடக் கற்றேன், படுக்கை விரிக்கக் கற்றேன், மேட்ரன் வரும் சத்தம் கேட்டால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளக் கற்றேன். வேலை கிடைத்ததும் பிரசவ வார்டு கேட்டேன், அங்கே தினமும் யாராவது இனிப்பு தருவார்கள். எனக்குக் கொடுத்தது தோல் வியாதிப் பிரிவு. அங்கே யாரும் இனிப்பு தர மாட்டார்கள், தந்தாலும் மற்ற வார்டு நர்ஸ்கள் வாயில் போட மாட்டார்கள். என்னைப் பெற்ற அம்மாவே கொஞ்ச காலம் எனக்குத் தனி டம்ளர் வைத்திருந்தாள். கேட்டதற்கு, "உனக்குப் பெரிய டம்ளர்தானே புடிக்கும்" என்று சமாளித்தாள்.

அந்தப் பிரிவுக்கு டாக்டர் பத்மநாபன் என்று ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், பேச்சு அதைவிட ஒல்லி. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. எந்தத் தோலையும் வெறும் கையால்தான் தொட்டுப் பார்ப்பார். செதில் உதிர்ந்தாலும், வெடித்திருந்தாலும், தன் கையைப் பிறகு கழுவிக்கொள்வாரே தவிர முதலிலேயே உறைக்குள் ஒளித்துக்கொள்ள மாட்டார். வருடக்கணக்காக யாரும் தொடாத கையை ஒரு டாக்டர் சாதாரணமாகப் பிடித்துப் புரட்டிப் பார்க்கும்போது நோயாளியின் முகம் மாறும். அந்த முகங்களுக்காகவே நான் பிரசவ வார்டு கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

இன்னொரு பழக்கம், "என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்க மாட்டார். கேட்டால் "ஒண்ணுமே போடல சார்" என்றுதான் பதில் வரும். ஒன்றுமே போடாமல் வந்த ஒரு மனிதரை எங்கள் ஊரில் நான் பார்த்ததே இல்லை. அதனால் அவர், "பையைக் காட்டுங்க" என்பார். பையை மேசைமேல் கவிழ்ப்பது என் வேலை. வாலிலிருந்து பற்பசை மாதிரி சுருட்டிய டியூப் வரும். மூடி தொலைந்து நூல் கட்டிய டியூப் வரும். மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது, பக்கத்து வீட்டில் மிச்சமானது, நாய்க்கு வாங்கியது என்று வரிசையாக வரும். அதில் வீரியமான ஸ்டீராய்டு ஆயின்மென்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். டாக்டர் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நோயாளியை விட்டுவிட்டு அந்த டியூபோடு பேசுவார்.

"நீ நல்லவன்தான்ப்பா. உன்னை யாரு அங்க அனுப்புனா?"

நோயாளிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தவர் உண்மையைச் சொல்லிவிடுவார். "சின்னப் பொண்ணுக்குப் பரு வந்துச்சு சார், கொஞ்சமா மூஞ்சில தடவுனோம்" என்று எல்லாம் கடகடவென்று வெளியே வரும். நான் திட்டி வாங்க முடியாத உண்மையை அவர் டியூபைக் கொஞ்சி வாங்கிவிடுவார். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான்.

பிறகு நோயாளியின் ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்வார். நுனியிலிருந்து முதல் ரேகை வரைக்கும் ஆயின்மென்ட்டை ஒரே கோடாகப் பிதுக்குவார். "இது ரெண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். இதுக்கு மேல போடறது வியாதிக்கு இல்ல, பெட்ஷீட்டுக்கு" என்பார். நோய் இருக்கும் இடத்தில் மட்டும், மெல்லிசாக, நாளுக்கு ஒரு தடவை. இரண்டு வாரம் ஆனதும் வந்து காட்ட வேண்டும். முகம், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தோல் மெல்லிசான இடங்கள், அந்தப் பக்கம் டியூப் தலை வைத்தும் படுக்கக் கூடாது. அவர் சொல்லாமல் கட்டுப் போட்டு மூடக் கூடாது. அடுத்தவருக்குக் கொடுக்கவே கூடாது. இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொல்லி முடித்ததும் நான் எங்கள் ஊர்த் தமிழில் உரக்கச் சொல்வேன்: "தோசைக் கல்லுக்கு எண்ணெய் காட்டுற மாதிரி போடணும். பணியாரக் குழியில ஊத்துற மாதிரி இல்ல. புரியுதா?"

புரிந்தது என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனதும் அவரவர் வேதப்படி நடப்பார்கள். கத்தோலிக்கர்கள் நவநாள் கணக்கில் ஒன்பது நாள் போட்டுவிட்டு நிறுத்துவார்கள். இந்துக்கள் ஒரு மண்டலம் போடுவார்கள். சபைக்காரர்கள் தபசு காலம் போல நாற்பது நாள் ஓட்டுவார்கள். இரண்டு வாரம் என்ற கணக்கு எங்கள் ஊரில் எந்தக் கோயிலிலும் கிடையாது, அதனால் அதற்கு மரியாதையும் கிடையாது.

வசந்தி வந்தது ஒரு மழை நாளில். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். கூட வந்த மாமனார் ஏகாம்பரம்தான் டோக்கன் வாங்கினார், கதவைத் தள்ளினார், நாற்காலியை இழுத்துப் போட்டார். சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட்டி ஓய்ந்தவர் அவர். வசந்தியின் கணவன் பைக் விபத்தில் போன பிறகு மைசூர் மைன்ஸில் சுரங்கக் கம்பெனி கட்டிய லைன் வீட்டில் இவர்கள் இரண்டு பேரும், பள்ளிக்கூடம் போகும் அவள் மகளும்தான். வசந்தியின் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

வேலை பெங்களூரில் ஒரு நகைக்கடையில், வளையல் பகுதியில். மாமனார் ஒரு காலத்தில் பாதாளத்துக்கு இறங்கித் தங்கம் எடுக்க உதவினார், மருமகள் விடியற்காலை ரயிலேறிப் போய் ஏ.சி.யில் நின்று தங்கம் விற்கிறாள். இப்படித்தான் முடியும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம் ஆட்கள் அவ்வளவு ஆழம் தோண்டியிருக்க வேண்டாம்.

துப்பட்டாவை விலக்கிக் கையைக் காட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளை வெள்ளையாகத் தடித்த செதில், குறுக்கே வெடிப்பு, வெடிப்பில் ரத்தம். கஸ்டமரின் கையைப் பிடித்து வளையல் ஏற்றிவிடுவதுதான் அவள் வேலை. ஒரு அம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாராம். மேனேஜர் உறை மாட்டிக்கொள்ளச் சொன்னாராம். உறையைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

"மூஞ்சி எப்டி இருந்தாலும் பரவால்ல சிஸ்டர். எனக்குக் கைய வெச்சுதான் சோறு" என்றாள்.

டாக்டர் அவள் இரண்டு கைகளையும் தன் கைகளில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவள் அழுதுவிட்டாள். நான் மேசையில் இல்லாத எதையோ தேடினேன்.

"சொரியாசிஸ். இது யாருக்கும் ஒட்டாதும்மா. அடியோட போகாது, ஆனா அடக்கி வைக்கலாம்" என்றார் டாக்டர். வீரியமான ஆயின்மென்ட்டை எழுதினார், விரல் நுனிக் கோட்டைக் காட்டினார். நான் தோசைக்கல் கதையைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரமே திரும்பி வந்தாள். கை அப்படியே இருந்தது. டாக்டருக்கே முகம் சுருங்கிவிட்டது. "ஒழுங்கா போட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"போட்டேன் சிஸ்டர். டப்பாக்குள்ள இருந்த தாள்ல போட்டிருந்த மாதிரியே, மருந்து போட்ட உடனே சோப்பு போட்டு நல்லா கைய கழுவிட்டேன்."

டாக்டர் டியூபை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "உன் மேல ஒரு தப்பும் இல்லப்பா" என்றார். கழுவச் சொன்னது காலிலும் முதுகிலும் போடுகிறவர்களுக்கு, வியாதியே கையில் இருக்கும்போது கழுவினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும் என்று விளக்கினோம். ராத்திரி படுக்கும்போது போட்டு, மெல்லிய பருத்தி உறை மாட்டிக்கொள்ள வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது. பகலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தேங்காய் எண்ணெய். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தாள். இரண்டு வாரம் கழித்து வந்தபோது கதவுக்கு வெளியிலிருந்தே கையை விரித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். செதில் போய், வெடிப்பு மூடி, உள்ளங்கை ரோஜா நிறத்தில் இருந்தது.

"இனிமே ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க. அப்பறம் வந்து காட்டுங்க, இன்னும் குறைக்கணும்" என்றார் டாக்டர். நன்றாக ஆன பிறகு எங்கள் ஊரில் யார் டாக்டரிடம் வருவார்கள்? அவளும் வரவில்லை.

வந்தது அவளுடைய ரயில்.

பெங்களூர் ரயிலில் பெண்கள் பெட்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அதில் யாருடைய பொருளும் யாருடையதும் இல்லை. ஒருத்தி கொண்டுவந்த புளிசாதத்தை நான்கு பேர் தின்பார்கள். ஒருத்தியின் மல்லிகைச் சரம் ஆறு தலையில் ஏறும். சீப்பு, ஸ்டிக்கர் பொட்டு, தலைவலி மாத்திரை, மாமியாரைச் சமாளிக்கும் யோசனை எல்லாம் பொது. அங்கே வசந்தி தன் கையை விரித்துக் காட்டியிருக்கிறாள். டியூபும் கைமாறத் தொடங்கிவிட்டது. 'வளையல் கிரீம்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். யாரோ மூக்கோரத்துப் பருவுக்குப் போட்டார்கள், யாரோ கழுத்துக் கருப்புக்குப் போட்டார்கள். ஸ்டெல்லா என்று ஒரு கார்மென்ட்ஸ் சூப்பர்வைசர், இடுப்பில் வந்த அரிப்புக்குப் போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பெஞ்சில் ஒரு பாதிப் பெட்டியே உட்கார்ந்திருந்தது. எல்லோரையும் லீவு போட வைத்துத் திரட்டிக்கொண்டு வந்தவள் ஸ்டெல்லாதான். சங்கத் தலைவி மாதிரி முதலில் அவள் உள்ளே வந்தாள்.

"இன்னா சிஸ்டர், மருந்து நல்லாத்தான் வேலை செஞ்சுது. போட்டா அரிப்பு டக்குனு நிக்குது. ஆனா வட்டம் மட்டும் பெருசாயிக்கினே போகுது. இதுக்கு இன்னும் ஸ்ட்ராங்கா குடுங்க."

நான் அவள் பையைக் கவிழ்த்தேன். டாக்டர் டியூபை வெளிச்சத்தில் பிடித்து, "உனக்கு இங்க என்னப்பா வேலை?" என்று கேட்டார். பிறகு அவள் இடுப்பு வட்டத்தின் ஓரத்தை மழுங்கிய கத்தியால் மெதுவாகச் சுரண்டி, விழுந்த பொடியைக் கண்ணாடித் துண்டில் ஏந்தி, ஒரு சொட்டு மருந்து விட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வந்து பாருங்க" என்று ஸ்டெல்லாவையே கூப்பிட்டார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா சார் இது, நூல் நூலா கீது?"

"படர்தாமரை. பூஞ்சை. நீங்க போட்ட மருந்து தோல்ல இருக்கற காவல்காரனைத் தூங்க வெச்சிடும். அவன் கத்தறதுதான் அரிப்பு. காவல்காரன் தூங்கினதும் உங்களுக்கு நிம்மதி, இதுக்குக் கொண்டாட்டம்."

ஸ்டெல்லா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அப்ப நானே தீனி போட்டு வளத்துக்கினு இருந்தேனா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய், பெஞ்சில் இருந்தவர்களிடம் போட்ட சத்தம் ஃபார்மசி வரைக்கும் கேட்டது. அன்றைக்கு அந்தப் பெஞ்சில் முக்கால்வாசிப் பேருக்குப் படர்தாமரை. பருவுக்குப் போட்ட பெண்ணுக்குக் கன்னம் சிவந்து, வெயிலில் நின்றால் எரிந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மருந்து எழுதி, தனித்தனியாகச் சொல்லி அனுப்பினோம். போகும்போதே வாசலில் நின்று சீட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்து, "உன்னுது நல்லா கீதா, என்னுது நல்லா கீதா" என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் ஒரு கத்து கத்திவிட்டு வந்தேன்.

ஆயின்மென்ட் மேல் இருந்த காதல் முடிந்ததும் பயம் வந்தது. எங்கள் ஊருக்கு நடுவாந்திரம் என்று ஒன்று தெரியாது. ஸ்டீராய்டு என்றால் எலும்பை உருக்கிவிடும், கிட்னியை அரித்துவிடும், ரத்தத்தில் கலந்து வாரிசு வரைக்கும் போகும் என்று யாரோ மூச்சு வாங்காமல் பேசிய ஒரு குரல் பதிவு எல்லோருடைய போனுக்கும் வந்தது. டியூப் கிடைக்கவில்லை என்று சண்டை போட்டவர்கள் இப்போது டியூபைத் தொட்ட கையைக் கழுவினார்கள். நான் கோயிலுக்குப் போனால் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவள் செபத்தை நிறுத்திவிட்டு, "சிஸ்டர், அது விஷமாமே?" என்று கேட்பாள். "மெஷினுக்குப் போடுற எண்ணெயக் கொழம்புல ஊத்துனா அதுவும் விஷந்தான்" என்பேன். அதை யாரும் பதிவு செய்து அனுப்பவில்லை.

வெயில் ஏறிய ஒரு நாள் வசந்தி திரும்பி வந்தாள். கை மறுபடியும் துப்பட்டாவுக்குள். பின்னால் ஏகாம்பரம், தலை குனிந்தபடி.

கையை விரித்தாள். முதல் நாள் பார்த்ததைவிட மோசம். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, பாளம் பாளமாக வெடித்து, விரலை மடக்க முடியவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வேறு கதை. அங்கே தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. வளையல் தட்டு உரசிய இடத்திலெல்லாம் ஊதாத் திட்டுகள்.

"அட்சய திருதியைக்கு முன்னாடி கை சரியாவலன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு சிஸ்டர்" என்றாள். இந்தத் தடவை அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பையைக் காட்டுங்க" என்றார் டாக்டர். பையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் மட்டும் இருந்தது.

"ஆயின்மென்ட்?"

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "நான்தான் சைனைடு டம்ப்பாண்ட, அந்தச் சுரங்க மண்ணு மேட்டுல தூக்கிப் போட்டுட்டேன் டாக்டரு சார். அந்தப் போன்ல வந்தத கேட்டேன். எலும்ப உருக்கிடும்னான். ஒரே நாள்ல நிறுத்திப்புட்டேன்."

"அதுவரைக்கும் எப்படிப் போட்டாங்க?"

"கரெக்டா போட்டோம் சார். மூணு ஷிஃப்ட்டும். மருமவ ரயிலுக்குப் போறதுக்கு முன்னால பஸ்ட்டு ஷிஃப்ட்டு. சாயந்திரம் வந்ததும் செகண்ட் ஷிஃப்ட்டு. படுக்கறப்போ நைட் ஷிஃப்ட்டு. ஒரு ஷிஃப்ட்டு தவறல, நான் கூடவே நின்னு பாத்துக்குவேன்."

"நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு சொன்னேனே."

"தண்ணி எங்க சார் நாள் பாத்து ஊறுது?" என்றார் ஏகாம்பரம்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். வெளியே பெஞ்ச் நிரம்பி வழிந்தது, எனக்குப் பரபரப்பு. அவரோ நாற்காலியைக் கிழவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"முழங்கை வரைக்கும் எதுக்குய்யா போட்டீங்க?"

"பக்கத்து லெவல்லயும் கசியும் சார். முன்னாடியே அடைச்சுக்கணும்."

"மேல எதையாவது சுத்தினீங்களா?"

"பிளாஸ்டிக் கவரு, ரப்பர் பேண்டு. பிரஷர் வோணும்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாயைத் திறக்கப் போனேன். டாக்டர் என்னைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பம்ப் வேலை எப்படி இருக்கும், சொல்லுங்க."

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது நிக்கவே கூடாது சார். மேல தீவாளி, பொங்கலு, ஸ்ட்ரைக்கு எது நடந்தாலும் கீழ பம்பு ஓடிக்கினுதான் இருக்கணும். ஒரு ஷிஃப்ட்டு விட்டா தண்ணி ஏறிக்கும். மைன மூடுனப்போ பம்ப நிறுத்திட்டாங்க. நாங்கல்லாம் மேல நின்னுக்கினு இருந்தோம். கீழ லெவல் லெவலா தண்ணி ஏறிக்கினு இருக்குன்னு தெரியுது, ஒண்ணும் பண்ண முடியல. அப்பறம் எம் பையனும் போயிட்டான். இதாவது நிக்காம ஓடட்டும்னுதான் சார் பாத்தேன்."

 

டாக்டர் கேட்டார்: "தண்ணி வத்திப் போச்சு. ஆனா பம்ப் மட்டும் மூணு ஷிஃப்ட்டும் ஓடுது. அப்ப என்ன ஆகும்?"

"ஐயையோ, அப்டி ஓட்டக் கூடாது சார். தண்ணி இல்லாம ஓடுனா பம்பே எரிஞ்சி பூடும். அதுக்குத்தான ஒரு ஆளு உக்காந்து மட்டம் பாத்துக்கினே..."

பாதியில் நின்றுவிட்டார். மருமகளின் மணிக்கட்டைப் பார்த்தார். அந்த மெலிந்த தோலையும் ஊதாத் திட்டுகளையும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"நான்தான் எரிச்சிட்டனா?" என்றார்.

"விடுங்க மாமா" என்றாள் வசந்தி. "நீங்க ஒண்டிதான என் கைய அருவருப்பு இல்லாம தொட்டு மருந்து போட்டது."

டாக்டர் எதையும் மழுப்பவில்லை. "மெலிஞ்ச தோல் கொஞ்சம் கொஞ்சமா தேறும், முழுசா பழையபடி ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது. திடீர்னு நிறுத்துனீங்க, அதனாலதான் உள்ளங்கையில இவ்வளவு வேகமா ஏறிடுச்சு. ஓட்டுனதும் தப்பு, நிறுத்துன விதமும் தப்பு. மருந்து மேல தப்பு இல்ல" என்றார்.

பிறகு ஏகாம்பரத்துக்கு வேலை கொடுத்தார். மறுபடியும் அதே ஆயின்மென்ட், உள்ளங்கையில் மட்டும், ராத்திரி ஒரே ஷிஃப்ட், ஒரு விரல் நுனிக் கோடு. மணிக்கட்டுக்கு மேலே எண்ணெய் தவிர எதுவும் ஏறக் கூடாது. இரண்டு வாரம் முடிந்ததும் இங்கே கொண்டுவந்து காட்ட வேண்டும். அடங்கியிருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அதிலும் அடங்கியிருந்தால் சனி, ஞாயிறு மட்டும், மற்ற நாளெல்லாம் தேங்காய் எண்ணெய். தினமும் கையைப் பார்ப்பது அவர் பொறுப்பு. சிவப்பு ஏறினால் அவராக எதையும் கூட்டக் கூடாது, எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

"மட்டம் பாக்கற வேலை" என்றார் ஏகாம்பரம்.

"அதேதான்" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் என் உயிரை எடுத்துவிட்டார். சந்தையில் பார்த்தால், கோயில் வாசலில் பார்த்தால், பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்தால்கூட, "சிஸ்டரம்மா, இன்னிக்கு மட்டம் கொறைவு" என்று கத்துவார். பக்கத்தில் இருப்பவர்கள் கிணற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். போதாததற்கு, மருமகளை ரயிலேற்றிவிட வரும்போதெல்லாம் சாம்பியன் ஸ்டேஷனில் பெண்கள் பெட்டி வாசலில் நின்றுகொண்டு, "யாருனா டியூப் வெச்சிக்கிறீங்களா? பையக் காட்டுங்கம்மா" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பெண்கள் டி.டி.இ.க்குக்கூட அவ்வளவு பயந்ததில்லை. ஸ்டெல்லா ஒரு தடவை அவரைப் பார்த்துவிட்டு அடுத்த பெட்டியில் ஏறியதாகக் கேள்வி.

அட்சய திருதியை வந்தது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. உள்ளங்கையில் ரோஜாச் சிவப்பு மிச்சம் இருந்தது, மணிக்கட்டு மெலிந்துதான் இருந்தது, அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போனாள். ஆனால் வெடிப்பு மூடியிருந்தது, விரல் மடங்கியது. மேனேஜர் காலையில் எல்லாருக்கும் முன்னால் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தங்கத்தைக்கூட அந்த ஆள் அவ்வளவு நேரம் சோதித்ததில்லை என்றாள். பிறகு வளையல் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டாராம். அன்றைக்கு இரவு கடை மூடும்வரை நின்று விற்றிருக்கிறாள். சில மாதத்தில் ஆயின்மென்ட் சனி, ஞாயிறு மட்டும், மற்ற நாளெல்லாம் எண்ணெய் என்ற கணக்குக்கும் வந்துவிட்டாள்.

டாக்டர் பத்மநாபன் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருடைய வழியனுப்பு விழாவில் நானும் ஒரு டியூபைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லவன்தான்ப்பா" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுத்த வரியைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? என்னை விட்டுவிட்டு, என் கையில் இருந்த டியூபுக்கு ஒரு வணக்கம் வைத்தார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் ஞானமகளின் புதுநன்மை விழாவுக்கு ஒரு சின்ன மோதிரம் வாங்கப் பெங்களூருக்குப் போனேன். வேண்டுமென்றேதான் வசந்தியின் கடைக்குப் போனேன். தலையில் கொஞ்சம் நரை, மற்றபடி அப்படியே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணால் சிரித்தாள், பேச முடியவில்லை, முன்னால் ஒரு கஸ்டமர். பட்டுப்புடவை கட்டிய அம்மாள். வசந்தி அவர் கையைத் தன் கையில் ஏந்தி, விரல்களைக் குவித்து, வளையலை வலிக்காமல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் வளையலை விட்டுவிட்டு வசந்தியின் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கை எவ்ளோ சாஃப்டா இருக்கும்மா! என்ன கிரீம் போடற? பேரைச் சொல்லு, நானும் என் பொண்ணுங்களும் போட்டுக்கறோம்."

எனக்கு அந்தப் பெண்கள் பெட்டி ஞாபகம் வந்தது. வசந்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விற்பனைக்காரிகளுக்கே உரிய அந்தச் சிரிப்போடு, "தேங்கா எண்ணெதான் மேடம்" என்றாள்.

"அவ்ளோதானா?" அந்த அம்மாளின் முகம் விழுந்துவிட்டது. பெண் ரகசியத்தை மறைக்கிறாள் என்று என்னிடம் திரும்பிக் கண்ணைக் காட்டினார்.

மறைக்கவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை.